கன்னி மூலையும் நைட் ஷிப்ட்டும்

வீட்டுக்கு உள் அலங்காரம் பண்ற தொழில்ல ஒரு விசேஷம் உண்டு: தை மாசம் வேலையை முடிச்சுக் குடுத்தா பாராட்டு வரும், அதே வேலைக்குப் பங்குனியில திட்டு வரும்.

நான் கற்பகம், குன்றத்தூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர்னு ஸ்கூட்டர்ல சுத்தி வேலை பாக்கறேன். முன்னால ஒரு கம்பெனியில மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போட்டுக்கிட்டு இருந்தவ. இரும்புக்கே அளவு போடறோம், மனுஷங்க வீட்டுக்குப் போட முடியாதான்னு ஒரு திமிர்ல இதுக்குள்ள வந்துட்டேன். இரும்பு சொன்னபடி கேக்கும், மனுஷங்க கேக்க மாட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மேற்குப் பாத்த சுவர் இருக்கிற வீட்டுல குடியிருக்கிற எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்கதான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சுவர்ல கை வெச்சுட்டு "அம்மாடி"ன்னு எடுத்திருக்கீங்கல்ல? அப்போ மேல படிங்க. உங்களுக்காகத்தான் எழுதறேன்.

பனி கொட்டற படம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மறைமலை நகர்ல ஒரு இன்ஜினியர் புது ஃபிளாட் வாங்கியிருந்தார். போன்ல ஒரு படத்தைக் காட்டினார். கரும்பழுப்பு லெதர் சோபா, கீழ கரடித் தோல் மாதிரி ஒரு கம்பளம், ஜன்னலுக்கு வெளியில பனி கொட்டுது. "மேடம், எனக்கு அப்படியே இது வேணும்"னார். "சார், சோபா வாங்கிடலாம், கம்பளம் வாங்கிடலாம், பனிக்கு நான் எங்க போறது?"ன்னு கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. நம்ம ஊர் வேர்வைக்குப் பருத்தி உறை போட்ட சோபாதான் தாங்கும், பிரம்பு நாற்காலி இன்னும் நல்லதுன்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிப் பாத்தேன். ம்ஹூம். சரி, வாடிக்கையாளர் தெய்வம், தெய்வம் வேர்க்கட்டும்னு போட்டுக் குடுத்துட்டேன்.

அடுத்த சித்திரையில அங்க ஒரு கதவுப் பிடி மாத்தப் போனேன். இன்ஜினியரோட அப்பா ஊர்லேருந்து வந்திருந்தார். இடுப்புல வேட்டி மட்டும், மேல சட்டை கிடையாது, அந்த லெதர் சோபாவுல நல்லா சாஞ்சு உக்காந்திருந்தார். கரண்ட் வேற போயிருந்துது. என்னைப் பாத்ததும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பாத்தார். பழைய பிளாஸ்திரியைப் பிச்சு எடுத்தா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் கேட்டுது. பெரியவர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே சொன்னார்:

"நல்ல சோபாதாம்மா, குத்தம் சொல்லக் கூடாது. எழுந்திருக்கும்போது முதுகை மட்டும் திருப்பித் தர மாட்டேங்குது."

மஞ்சள் டேப்

ஒரகடத்துல ஒரு வீட்டு மாடியில அளவெடுத்துட்டுக் கீழ இறங்கிக்கிட்டு இருந்தேன். கீழ் வீட்டுல ஆறு பசங்க வாடகைக்கு இருந்தாங்க. எல்லாம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம், கம்பெனி வேலை. அதுல இசக்கிமுத்துன்னு ஒருத்தர், "எக்கா, ஒரு நிமிசம், எங்க ரூமையும் பாத்துட்டுப் போங்களேன்"னு கூப்பிட்டார். இலவச ஆலோசனைதானே, போனேன்.

உள்ள மூணே மூணு கட்டில், தலைக்கு மேல ஒரே ஒரு ஃபேன். தரையெல்லாம் மஞ்சள் டேப் ஒட்டியிருந்துது. கம்பெனியில தள்ளுவண்டி இங்க நிக்கணும், பெட்டி இங்க இருக்கணும்னு தரையில மஞ்சள் கோடு போட்டிருப்பாங்கல்ல, அதே டேப், அதே நேர்த்தி. ஒரு கட்டத்துல "காலை"ன்னு எழுதியிருக்கு, இன்னொண்ணுல "மதியம்", மூணாவதுல "ராத்திரி". "இது என்ன தம்பி, பாண்டி ஆடறீங்களா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா. இங்க எந்நேரமும் மூணு பேரு தூங்கிக்கிட்டுதான் கெடப்போம். காலைல கெழக்க இருந்து வெயில் வருது, அப்பம் கட்டில் இங்கன. மதியத்துக்கு மேல மேக்க இருந்து அடிக்கும், அப்பம் அங்கன. ஷிப்ட்டு மாறுததுக்கு முன்னால எழுந்திரிச்சவன் கட்டில கோட்டுல கொண்டு நிறுத்திட்டுத்தான் பல்லு வெளக்கணும்"னார்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். போட்டோ எடுத்து என் தச்சர் பாபுவுக்கு அனுப்பினேன். ரூமுக்குள்ள ஈர யூனிபாரத்தைக் காயப் போடாதீங்க, புழுக்கம் ஜாஸ்தியாகும்னு என் பங்குக்கு ஒரு அறிவுரை சொன்னேன். ஆனா கத்துக்க வேண்டியது நான்தான்னு அப்போ மண்டையில ஏறலை. நான் கிளம்பும்போது இசக்கிமுத்து சொன்னார்:

"எக்கா, நீங்க வீட்டுக்கு டிசைன் போடுதிய. நாங்க வெயிலுக்கு டிசைன் போட்டுருக்கோம்லா."

ஏரி தெரியற ஜன்னல்

இப்போ என் மானம் போன கதைக்கு வரேன். பிள்ளைப்பாக்கத்துல மேகலான்னு ஒரு பொண்ணு. போன் பாகங்கள் பூட்டற கம்பெனியில பதினோரு வருஷமா ஷிப்ட் மாத்தி மாத்தி லைன்ல நிக்கிறா. புருஷன் சுரேஷ் இன்னொரு கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறார். மாமியார் தனபாக்கியம் அம்மா, அந்த ஊர் விவசாயக் குடும்பம், வாயைத் திறந்தா தெருவே திரும்பிப் பாக்கும். சொந்த நிலத்துல வீடு கட்டி, உள் வேலையை என்கிட்ட குடுத்தாங்க.

நான் மார்கழி மாசக் காலையில போய் அளவெடுத்தேன். சிலுசிலுன்னு காத்து, மேற்குப் பக்கம் ஏரி நிறையத் தண்ணி, கொக்கு நிக்குது. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு. வாஸ்துக்காரர் படுக்கையறையைத் தென்மேற்குல, அந்தக் கன்னி மூலையில சொல்லியிருந்தார். நான் அதுக்கு மேற்கே பாத்து ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் போட்டேன். ஜன்னலை ஒட்டிக் கட்டில். வெளிச் சுவருக்கு எடுப்பா இருக்கட்டும்னு அரக்குச் சிவப்பு. தையில பால் காய்ச்சினப்போ சொந்தக்காரங்க எல்லாம் அந்த ஜன்னல்கிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நானும் எடுத்துக்கிட்டேன், வெக்கமே இல்லாம. சுரேஷ் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்:

"மேடம், லாட்ஜுல கூட இப்டி ஒரு ரூம் கெடைக்காது."

படுத்துப் பாருங்க

பங்குனி பிறந்து நாலாம் நாள் மேகலா போன் பண்ணினா. திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "அக்கா, மதியம் ரெண்டு மணிக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னா. போனேன். கண்ணு ரெண்டும் மிளகாப் பழம் மாதிரி இருந்துது அவளுக்கு. ரூம் கதவைத் திறந்து விட்டு, "படுத்துப் பாருங்க"ன்னா.

படுத்தேன். கால்மாட்டுலேருந்து கழுத்து வரைக்கும் வெயில். பக்கத்துச் சுவர்ல கை வெச்சேன், தோசைக்கல்லு. ஏசி ஓடிக்கிட்டுதான் இருந்துது, ஆனா சுவரே அடுப்பா இருக்கும்போது அது பாவம் என்ன பண்ணும்? நடுவுல வோல்டேஜ் இறங்கி அதுவும் டக்குன்னு நின்னுது. வெளியில மிக்ஸி சத்தம், டிவி சத்தம். இருபது நிமிஷத்துல எழுந்து உக்காந்துட்டேன், முடியெல்லாம் நனைஞ்சு போச்சு.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னா. தை முடிஞ்சதும் அவளை சூப்பர்வைசர் வேலைக்கு டிரையல்ல போட்டிருக்காங்க, நிரந்தரமா நைட் ஷிப்ட். பகல்ல தூங்கினாதானே ராத்திரி கண்ணு முழிக்க முடியும்? போன வாரம் விடிகாலையில தூக்கக் கலக்கத்துல ஒரு டிரே முழுக்கத் தப்பான பாகத்தைத் தள்ளி விட்டுட்டா. வார்னிங் குடுத்துட்டாங்க. டிரையல் முடிய இன்னும் ஒரு மாசம். இன்னொரு தப்பு நடந்தா பழையபடி லைனுக்குத்தான் போகணும், அந்த இடத்துக்கு வேற ஆள் ரெடியா இருக்கு. "சூப்பர்வைசருக்கு நீலக் கோட்டு குடுப்பாங்க அக்கா, பேரு தெச்சு. எங்க குடும்பத்துல யாரு பேரும் எங்கயும் எழுதினது இல்ல"ன்னா. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவ சாதாரணமாத்தான் சொன்னா:

"இந்த ரூமுல எத்தினி பேரு தூங்குவீங்கன்னு கேட்டீங்க அக்கா. எப்போ தூங்குவீங்கன்னு கேக்கவே இல்லியே."

எடை பாத்த பாபு

மறுநாளே பாபுவைக் கூட்டிக்கிட்டுப் போய் நின்னேன். கட்டிலை மேற்குச் சுவர்லேருந்து எடுத்து எதிர்ப்பக்கம், உள் சுவரை ஒட்டிப் போட்டுடலாம்னேன். தனபாக்கியம் அம்மா இடுப்புல கை வெச்சுக்கிட்டு வந்தாங்க. "இன்னாம்மா நீ, கன்னி மூலையில கட்டில் இருக்கணும்னு வாஸ்துக்காரரு சொல்லிக்கீறாரு. இன்னிக்குக் கட்டிலை நவுத்துவ, நாளைக்குக் குடும்பம் நவுந்துடும்"னாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம். வெயில், வெப்பம், சுவர் சூட்டைச் சேர்த்து வெச்சுக்கிட்டுச் சாயங்காலம் உள்ள விடும்னு பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆரம்பிச்சேன். அவங்க கொட்டாவி விட்டாங்க. "அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல பொம்பள பட்டப்பகல்ல படுத்துகினு இருந்தா வூடு வெளங்குமா? வெளக்கு வெக்கிற வூட்டுல மூதேவி வந்து குந்திக்குவா"ன்னாங்க. மேகலா அடுப்படியில தலை குனிஞ்சு நின்னா. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ரெண்டு வார்த்தை சூடா சொல்லியிருப்பேன்.

பாபு என்னைக் கையமர்த்தினார். படப்பைக்காரர், வாயில எப்பவும் பென்சில் இருக்கும். பென்சிலை எடுத்துக் காதுல சொருகிக்கிட்டு, உள் சுவர் ஓரமா நின்ன இரும்பு பீரோவை ஒரு தட்டு தட்டினார். அப்புறம் ரொம்பப் பவ்யமா சொன்னார்:

"கன்னி மூலையில கனம் இருக்கணும்னுதானம்மா சொல்றாங்க? உன் மருமவ நாப்பத்தஞ்சு கிலோ இருந்தா அதிகம். இந்த பீரோ இன்னா வெயிட்டு கீது, நீயே சொல்லு."

சாயங்காலம் விடியற வீடு

தனபாக்கியம் அம்மா அரை நாள் யோசிச்சாங்க. பீரோ கன்னி மூலையில இருந்தா லட்சுமி கடாட்சம்னு அவங்களே யாரையோ போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க ஏன் இன்னும் ஆரம்பிக்கலைன்னு சண்டை.

நான் முதல்ல பண்ணின வேலை, ஒரு ரோல் மஞ்சள் டேப் வாங்கினது. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ரூம்லயே உக்காந்து, மணிக்கு ஒரு தடவை வெயில் எதுவரைக்கும் வருதுன்னு தரையில ஒட்டினேன். இசக்கிமுத்துவுக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு. வெயில் தொடாத இடம் எதுன்னு தெரிஞ்சுது, கட்டில் அங்க போச்சு. மேற்குச் சுவர்ல மூலையில பீரோ, அதை ஒட்டி மர அலமாரி, உள்ள முழுக்கப் போர்வை, மெத்தை, பட்டுப் புடவை. சூடு அதையெல்லாம் தாண்டித்தான் உள்ள வரணும். "நாலு விரக்கடை தள்ளி வெய்யி மேடம், மழைக்காலத்துல சுவரு ஓதம் ஏறினா துணியெல்லாம் பூத்துடும்"னு பாபு சொன்னார், அப்படியே வெச்சோம். வெளிச் சுவரோட அரக்குச் சிவப்பு போய் வெள்ளை வந்துது. மொட்டை மாடிக்கும் வெள்ளை.

ஜன்னல்தான் பாக்கி. திரை போட்டாப் போதாதான்னு சுரேஷ் கேட்டார். வெயிலைக் கண்ணாடி தாண்டி உள்ள விட்டுட்டுத் திரையை இழுக்கறது, திருடனை உள்ள விட்டுட்டுக் கதவைச் சாத்தற கதைன்னேன். வெளியில மூங்கில் தட்டி கட்டினோம், கயிறு இழுத்தா சுருண்டு மேல போற மாதிரி. மனுஷனுக்கு முகமே செத்துப் போச்சு. "அப்போ ஏரி?"ன்னார். மேகலா எழுந்திருக்கிறது அஞ்சரை மணிக்கு, வெயில் இறங்கினப்புறம் தட்டியைத் தூக்குங்க, ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டே ஏரியைப் பாருங்கன்னேன். அவர் கொஞ்ச நேரம் கயித்தை ஏத்தி இறக்கிப் பாத்துட்டு, குழந்தை மாதிரி சிரிச்சுக்கிட்டுச் சொன்னார்:

"அப்போ நம்ம வூட்டுக்கு சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் பொழுது விடியுது!"

மதியம் ரெண்டு மணி

அதுக்கப்புறம் மேகலாகிட்டேருந்து போனே இல்லை. திட்டு வந்தா ஒரு பயம், வரலைன்னா ரெட்டைப் பயம். டிரையல் மாசம் முடிஞ்சிருக்கும். பாஸா, ஃபெயிலா? தூங்கறாளா, இல்லையா? நானே போன் பண்ணிக் கேக்கத் தைரியம் இல்லை. ஒரு வாரம் எனக்கும் சரியாத் தூக்கம் இல்லை, எனக்கு நைட் ஷிப்ட்டும் கிடையாது. கடைசியில கத்திரி வெயில் ஆரம்பிச்ச மூணாம் நாள், மதியம் ரெண்டு மணிக்கு, முக்காடு போட்டுக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டேன். பரீட்சை எழுதினவ ரிசல்ட் பாக்கப் போற மாதிரிதான் போனேன்.

தெரு முனையிலேயே ஒரு கூத்து. பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் சாமான்னு மைக் கட்டின வண்டி ஒண்ணு அலறிக்கிட்டு வந்துது. அது முன்னால தனபாக்கியம் அம்மா. செருப்புகூடப் போடலை, தார் ரோட்டுல ஒத்தைக் கால்ல மாத்தி மாத்திக் குதிச்சுக்கிட்டே, "யோவ், அந்த ரேடியோவை அமுத்து! அமுத்திட்டுப் பேசாத போ!"ன்னு குரலே இல்லாம, வெறும் வாயசைப்புல மிரட்டறாங்க. தெருவே திரும்பிப் பாக்கிற வாய், அன்னிக்குக் கிசுகிசுத்துது. வண்டிக்காரர் பயந்துபோய் மைக்கை நிறுத்தி, சத்தம் வராம வண்டியைத் தள்ளிக்கிட்டே போனார்.

வாசலுக்கு வந்தேன். ஜன்னல்ல தட்டி இறங்கியிருந்துது. மிக்ஸி இல்லை, டிவி இல்லை. கேட் ஓரக் கொடியில ஒரு நீலக் கோட்டு காஞ்சுக்கிட்டு இருந்துது. மார்ல வெள்ளை நூல்ல மேகலான்னு தெச்சிருந்துது. கேட்டுக்கு வெளியில நின்னபடியே கையை நீட்டி, அந்தப் பேரை ஒரு தடவை விரலால தொட்டுப் பாத்தேன். சந்தோஷத்துல கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துது, வெயில் கூசுதுன்னு சொல்லித் துடைச்சுக்கிட்டேன்.

அப்போதான், பின்னாலேயே வந்து கேட்டுக்குள்ள நுழைஞ்ச தனபாக்கியம் அம்மா முகத்தைக் கிட்டத்துல பாத்தேன். இடது கன்னம் முழுக்கக் கோடு கோடா பாய் பதிஞ்ச அடையாளம். "அம்மா, கன்னத்துல என்ன?"ன்னேன். சட்டுன்னு முந்தானையால தேச்சாங்க. தேச்சா போற அடையாளமா அது? "உள்ள ஜில்லுனு கீது. அவ கட்டிலுக்குக் கீழ பாயைப் போட்டு... சும்மா... ஒரு அஞ்சு நிமிசம்"னு இழுத்தாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. பகல்ல பொம்பளைங்க படுத்தா மூதேவி வந்துடுவான்னு சொன்னீங்களே, இப்போ ரெண்டு பேராச் சேர்ந்து படுக்கறீங்களே, பரவாயில்லையான்னு கேட்டுட்டேன். அவங்க கேட் கதவைச் சத்தம் வராம என் மூக்குக்கு நேராச் சாத்திக்கிட்டே சொன்னாங்க:

"வந்தா வரட்டும்மா, இந்த வெயில்ல பாவம் அவ மட்டும் எங்க போவா, ஒரு ஓரமா படுத்துகினு போறா. நீ கத்தாத, எம் மருமவ எழுந்துக்கப் போறா. சாயங்காலமா வா."

எத்தனையோ வீட்டுல காபி குடுத்து, போட்டோ எடுத்து, நாலு பேர்கிட்ட என் பேரைச் சொல்லிப் பாராட்டியிருக்காங்க, ஆனா இந்தத் தொழில்ல எனக்குக் கிடைச்ச பெரிய மரியாதை, கத்திரி வெயில்ல வாசலோட திருப்பி அனுப்பினதுதான்.